ரொஷான் கல்லறை விளக்கு

"மூணு மணிக்கு ஃபாதர் வந்திருவாரு. அதுக்கு முன்னால அந்த விளக்கு அங்க இருக்கக் கூடாது. போய்ச் சொல்லு டீச்சர்" என்றார் உபதேசியார் மரியநாயகம்.

சுலக்ஷனா தயங்கினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள்தான். பெரியவர்களிடம் பேசவேண்டும் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று கல்லறைத் திருநாள். பொகவந்தலாவைப் பக்கத்தில், தேயிலைச் சரிவில் இருந்த கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்தியிருந்தார்கள். இராசம்மாவின் மகன் ரொஷான் கல்லறையில் மட்டும் ஒரு மெழுகுவத்திகூட இல்லை. மண் விளக்கில் தேங்காய் எண்ணெய் எரிந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய, காம்பு கிள்ளிய வெள்ளைப் பூ. சிங்களவர்கள் பன்சலையில் புத்தருக்கு வைக்கிற மாதிரியே.

"படையல் புள்ளைக்கா, புத்தருக்கா?" பக்கத்துக் கல்லறையில் மாலை போட்டுக்கொண்டிருந்த அனோஜா சத்தமாகவே கேட்டாள். "ஆமிக்காரன் அம்மால்ல! பெரிய இடத்துக்கு நல்ல புள்ளையா இருக்கப் பாக்குது!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். இராசம்மா திரும்பவில்லை. கல்லறை ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோட்டத்திலிருந்து ஆமிக்குப் போன ஒரே பையன் ரொஷான். பதினேழு வருடத்துக்கு முன்னால் வடக்கில் நடந்த சண்டையில் இறந்துபோனான். கொடி போர்த்திய பெட்டி வந்த அன்று யாரும் கொழுந்து எடுக்கப் போகவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளையாக, வெள்ளைக் கவுனில், மழையில் வரிசையாக நின்றது சுலக்ஷனாவுக்கு இன்னும் நினைவிருந்தது.

அவள் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இராசம்மா பக்கத்தில் போய் நின்றாள். விளக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"பெரியம்மா, பூசையில வாசிக்கிற பேருங்கள்ல ரொஷான் அண்ணன் பேரு இல்லையே. இந்த வருசம் முதப் பேரா அதத்தான் வாசிக்கணும்னு ஃபாதர் சொல்றாரு. எழுதிக்கவா?"

"வேணாம் புள்ள."

"ஏன் பெரியம்மா?"

"வேணாம்னா வேணாம்."

சுலக்ஷனாவுக்குச் சுருக்கென்றது. பிறந்து மூன்றே நாளில் போன குழந்தையின் பெயரைக்கூட மறக்காமல் எழுதிக்கொடுத்த அம்மாக்கள் அந்த நோட்டில் இருந்தார்கள். இருபத்திரண்டு வயது வரை வளர்த்த மகன் பெயரைச் சொல்ல இவளுக்கு என்ன வந்தது?

உபதேசியார் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "என்னவாம்?"

"பேரே தர மாட்டாங்களாம்" என்றாள் மெல்ல.

"இங்க பாரு இராசம்மா. மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்குன புள்ள அவன். நாட்டுக்காகச் செத்தவன். அவனுக்கு ஒரு மெழுகுவத்தி இல்ல, ஒரு செபம் இல்ல. நீயெல்லாம் ஒரு தாயா?" என்றபடியே அவர் குனிந்து விளக்கை எடுக்கப் போனார்.

இராசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உபதேசியாரே, அன்னைக்குப் பெட்டியத் தூக்குனவங்கள்ல நீங்களும் ஒருத்தரு. உள்ள யாருன்னு பாத்தீங்களா?"

"சீல் வச்ச பெட்டி. எப்பிடிப் பாக்கிறது?"

"நானும் பாக்கல."

இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு வெள்ளை நூல். நடுவில் முடிச்சு.

"பெட்டியோட குடுத்த சாமான் இது ஒண்ணுதான். கையில கட்டியிருந்துச்சாம். புதுநன்மை அன்னைக்கு நான் கழுத்துல போட்டுவிட்ட மாதா படம் வச்ச உத்தரியம் வரல. இதுதான் வந்துச்சு."

பிரித் நூல். பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டுவது. மகனைச் சண்டைக்கு அனுப்புகிற சிங்கள அம்மாக்கள் கூட்டிப்போய்க் கட்டிவிடுவது.

உபதேசியாரின் குரல் இறங்கிவிட்டது. "கூட இருந்த சிங்களப் பையன் எவனாவது பாசத்துல கட்டிவிட்டிருப்பான், இராசம்மா."

"இருக்கும். பதினேழு வருசமா நானும் அப்பிடித்தான் நெனைச்சுப் பாக்கிறேன். உள்ள இருக்கிறது எம்புள்ளைன்னா, விளக்கு வச்சதுக்கு அம்மாகிட்ட கோவிச்சுக்க மாட்டான். வேற தாயி பெத்த புள்ளைன்னா? இந்த மலையில அதுக்கு யாரு இருக்கா? ரொஷான்னு பேரு வாசிச்சா, அது தன்னையத்தான் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பாக்குமா?"

அனோஜா கையிலிருந்த மாலையைப் போடாமல் அப்படியே நின்றாள்.

மேலிருந்து குளிர்காற்று இறங்கியது. சுற்றிலும் மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைய, மண் விளக்கின் சுடரும் படுத்து எழுந்தது. மரியநாயகம் குடையை விரித்தார். தன் தலைக்குப் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டுக் குந்தி, விளக்குக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார்.

சுலக்ஷனா கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அப்ப... ரொஷான் அண்ணனுக்கு மெழுகுவத்தி?"

இராசம்மா நூலைப் பத்திரமாகத் துணியில் முடிந்தாள்.

"எந்த ஊர் மண்ணுல கெடக்கிறானோ, அங்க ஒருத்தி இருப்பா புள்ள. அவ புள்ளைய நான் பாத்துக்கிறேன். எம்புள்ளைக்கு அவ கொளுத்தாமலா இருப்பா?"