வால் ஆடினால்தான் வீடு

முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, அந்தத் தெருவில் நாயின் வால் ஆடினால்தான் கதவு திறக்கும்.

நாற்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிங்காரவேலு, அந்த வாடையோடு வீட்டுக்குள் போகக் கூடாதென்று தெருக்குழாயிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நின்றார். அவர் வளர்த்த நாய் வைரவன், கேட்டுக்குள்ளிருந்து மோந்து பார்த்து உறுமியது.

“டேய், நான்தாண்டா! கருவாட்டுச் சோறு பிசைஞ்சு போட்ட கைடா இது!”

“போன வாரம் வந்தவரும் கருவாட்டைத்தான் சொன்னார்,” என்றாள் உள்ளேயிருந்த மனைவி குழலி.

“வந்தவன் என்ன ஆனான்?”

“பாவம், நிஜமா நான்தான்னு கடைசிவரைக்கும் கத்தினார்,” என்றபடி கேட்டைத் திறந்துவிட்டு, நாயின் சங்கிலியைக் கழற்றினாள்.