கடைசி பீரியட்

“முப்பத்தெட்டு பேரையும் கேக்கலை, டீச்சர். அந்த ரெட்டைச் சடைப் பொண்ணை மட்டும் அனுப்புங்க. கணக்குல நூத்துக்கு ஒன்பது,” என்றாள், இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த கணக்கு டீச்சர்.

விளையாட்டு டீச்சர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் பீரியட்ல யாரையும் அனுப்பறதில்லை.”

“பந்து உருட்டினா பாஸாயிடுவாளா?”

“மாட்டா. ஆனா இங்கே ஒரு சட்டம் இருக்கு. தப்புப் பண்றவளைப் பாத்துச் சிரிச்சா, சிரிச்சவ ஆட்டத்துக்கு வெளியே. எனக்குத் தெரிஞ்ச படிப்பு அவ்வளவுதான்.”

இரட்டைச் சடை பந்தைத் தவறவிட்டுக் குப்புற விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து, “இன்னொண்ணு போடுடி,” என்று கத்தினாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்ணா இது என்று கணக்கு டீச்சருக்கு உறைத்தது. இருந்தாலும் விடவில்லை.

“உங்களுக்கென்ன, பேசறது சுலபம். அவ ஃபெயிலானா பெத்த வயிறுதான் எரியும். அந்தம்மா வந்து கேட்டா என்ன சொல்வீங்க?”

“அந்தம்மாவுக்கும் இதே பதில்தான். தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

பள்ளி விடும் மணி அடித்தது. இரட்டைச் சடை மூச்சிரைக்க விளையாட்டு டீச்சரிடம் ஓடி வந்தாள்.

“மிஸ், பெல் அடிச்சாச்சு. இனிமே அம்மான்னு கூப்பிடலாம்ல? முட்டி எரியுதும்மா.”

கணக்கு டீச்சர் கையிலிருந்த விடைத்தாளை மெல்ல மடித்தாள்.

“மருந்து போட்டுட்டு வாடா,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “இந்த மைதானப் படிக்கட்டுலயே உக்காந்து கொஞ்சம் கணக்குப் போடலாம். தப்பாப் போட்டா நானும் சிரிக்க மாட்டேன்.”