உதறாத பாதரசம்

பழைய தெர்மாமீட்டர்கள் சேர்க்கிறவர், சேகரிப்பாளர்கள் கூட்டத்துக்குப் போகும் வழியில் காய்ச்சலாகி மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். "அந்தக் கிழட்டுக் குழாய் நூறைத் தாண்டிக் காட்டட்டும், அப்புறம் காட்சிக்கு வைக்க மேசை தர்றேன்" என்று கூட்டத்தின் செயலாளர் நக்கலடித்த தெர்மாமீட்டர் அவர் கக்கத்தில் இருக்கிறது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புகிறார். வெள்ளிக் கோடு நூற்றிரண்டில் பளபளக்கிறது. நர்ஸின் புதுக் கருவியும் நூற்றிரண்டே சொல்கிறது. "ஏறிடுச்சுடி!" என்று பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் துள்ளுகிறார். "காய்ச்சலுக்குக் குதிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்கிறாள் அவள். நர்ஸ் பழைய தெர்மாமீட்டரை வாங்கி, பழக்கதோஷத்தில் உதறக் கையை ஓங்குகிறார். "ஐயோ, உதறாதீங்க சிஸ்டர்!" குமிழுக்கு மேலே மயிரிழை அளவில் ஓர் இடுக்கு உண்டு, அதைத் தாண்டி ஏறிய பாதரசம், உதறாதவரை கீழே இறங்காது. நாளைக்குள் இவருடைய காய்ச்சல் இறங்கிவிடும். நூற்றிரண்டு மட்டும் அப்படியே செயலாளரின் மூக்குக்கு நேரே போய் நிற்கும்.