பட்டரி கழற்றிய பின்னேரம்

கணினியின் காற்றாடி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை.

நிலோஜன் விசையை மறுபடி அழுத்திப் பார்த்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமென்றுதான் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போனான். கூட்டியதோடு வெளியே வந்திருக்கலாம். கை சும்மா இருக்காமல் வோல்டேஜையும் தட்டிவிட்டிருந்தான்.

வெல்லாவெளியில் அவர்கள் இருப்பது நிருஷாவின் சீதன வீடு. கட்டில், அலுமாரி, கிணறு எல்லாம் அவளுடையவை. கணினியும் அவளுடையதுதான். பின்னேரங்களில் அதில்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணக்குப் படிப்பிக்கிறாள். நிலோஜன் மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தது ஒரு சைக்கிளும் இந்தப் பைத்தியமும்தான்.

போன தடவை அவன் கைவைத்து அது படுத்தபோது, "இன்னொருக்கா தொட்டீங்களெண்டா உங்களக் கல்குடாவில அக்காட வீட்டுக்கு அனுப்பிப்போடுவன்" என்று நிருஷா சொல்லியிருந்தாள். அவனும் கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினான். தொடமாட்டேன் என்று அல்ல, கெடுக்கமாட்டேன் என்று. கடவுளிடமே ஓட்டை வைத்துப் பேசுகிற ஆள்.

நிருஷா பக்கத்துத் தெருவில் பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தாள். எந்த நேரமும் வந்துவிடுவாள். வந்ததும் வகுப்பு.

மின்சாரத்தை நிறுத்தினான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். மதர்போர்டில் காசு போல ஒட்டிக்கிடந்த பட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தான். அதைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் போதும், மதர்போர்ட் எல்லாவற்றையும் மறந்து வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும்.

மனைவிமாருக்கும் இப்படி ஒரு பட்டரி இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

பட்டரியைத் திரும்பப் போட்டு மின்சாரம் கொடுத்ததும் திரை வெளித்தது. நிலோஜனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது. கைபேசியைப் பார்த்துச் சரிசெய்தான். அணைத்தான், ஆணிகளைப் பூட்டினான். பெட்டியில் பூசைக்கு வைத்த குங்குமப் பொட்டு கை பட்டு அழிந்திருந்தது. சாமியறைக்கு ஓடிப்போய்ப் புதுப் பொட்டு வைத்தான். கள்ளனுக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது.

வாசல் படலை திறந்தது.

நிருஷா பலகாரப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு நேரே போய்க் கணினியைப் போட்டாள். ஒரு தடங்கலும் இல்லை. அவர்களின் கல்யாணப் படம் பளிச்சென்று வந்து நின்றது.

நிலோஜன் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான்.

நிருஷாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

சத்தியத்தை நம்பியும் நம்பாமலும், போட்டவுடனே கேட்கும்படி அவள் கணினிக்கு ஒரு கடவுச்சொல் வைத்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. அவன் ஒருநாள் சாமி பெயர்களையெல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்று, கடைசியில் விளையாட்டாகத் தன் பெயரைத் தட்டினான். திறந்தது. அன்று முழுக்க அவன் நிலத்தில் நடக்கவில்லை. இன்று உள்ளே போனதும் அந்தப் பெயரைத் தட்டித்தான்.

மதர்போர்ட் அந்தக் கடவுச்சொல்லையும் சேர்த்தே மறந்து, கேளாமலே திறந்துவிட்டிருந்தது.

நிருஷா திரும்பி அவனைப் பார்த்தாள். கைபேசியை எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு ஓட்டோ அனுப்புங்க. இல்ல, கொஞ்சம் பெரிசா அனுப்புங்க. சைக்கிளோட ஒரு ஆளையும் ஏத்தோணும்."