இரண்டு சீட் கார்

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் காரின் கதவுக்குக் கீழே வைத்தான் அருள்குமார். ஒட்டியது. நாலு விரற்கடை தள்ளி வைத்தான், பொத்தென்று கீழே விழுந்தது.

"இங்க தகரம் இல்லீங்களே. பட்டி பூசியிருக்குதுங்களா?"

"ஆமாங்க, ஒரு சாண் நீளத்துக்கு. நாந்தான் பூசினேன்" என்றாள் கீதாஞ்சலி.

அதைச் சொல்வதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நஞ்சப்பனின் ஒரே மகள் அவள். குன்னூர் எஸ்டேட் ஒன்றில் விறகுக்கட்டுகளுக்கு நடுவே கிடந்த இந்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை அப்பா ஏதோ ஆசைக்கு வாங்கிப் போட்டார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்தே கழித்து, நாற்பத்து நாலு வயதுக் காரை மறுபடி ரோட்டில் ஓடவிட்டவள் மகள்தான்.

அதைத்தான் இன்றைக்கு விட்டுக்கொடுக்க அப்பா தலையாட்டிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிறவர் கேட்டதற்கு எடக்குமடக்கு இல்லாமல் பதில் சொன்னால் போதும் என்று காலையில் உத்தரவு மட்டும் வந்தது.

அருள்குமாருக்குப் பல்லடத்தில் தறிக்கூடம். கூட வந்த அம்மாவும் பெரியப்பாவும் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்க, அவன் நேராகக் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டான். கையில் இன்டர்நெட்டில் எடுத்த நாலு பக்கப் பிரிண்ட் அவுட். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எவனோ வெள்ளைக்காரன் வேலை மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறான்.

குறைகளைக் கேட்டாவது ஓடிவிட மாட்டானா என்று கீதாஞ்சலியே முந்திக்கொண்டாள். மழை பெய்தால் ஹெட்லைட் எப்போது அணையும் என்று தெரியாது என்றாள். கால்மிதியைத் தூக்கி, காரின் தரையில் துரு அரித்த இடத்தையும் காட்டினாள். ஒரு சின்ன வாஷர் வேண்டுமென்றாலும் லண்டனிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றும் சொன்னாள்.

அவன் ஓடவில்லை. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தான்.

ஆள் லேசுப்பட்டவனும் இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லுமுன் பானட்டைத் தொட்டுப் பார்த்தான். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்ஜினின் கோளாறு தெரியாமல் போய்விடுமாம், மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது.

அவள் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கார் உறுமிக்கொண்டு எழுந்தது, நீலப் புகை ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த நேரத்தில் பார்த்தா இவ்வளவு ஒழுங்காக ஓட வேண்டும் என்று அவளுக்குக் காரின் மேலேயே கோபம் வந்தது.

சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். அவளை உள்ளே உட்காரவைத்து, பாரம் ஏறினால் கதவு இடிக்கிறதா என்று பார்த்தான். ஆர்.சி. புக்கிலிருந்த நம்பரை இன்ஜின் நம்பரோடு எழுத்துக்கூட்டி ஒப்பிட்டான். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. விலை என்ன என்று மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகக் கையைத் துடைத்துக்கொண்டு, தன் திட்டத்தைச் சொன்னான். சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவானாம். ஏசி வைப்பானாம். கூரையே இல்லாத காருக்கு ஏசி.

"இந்த இன்ஜினத் தூக்கிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் வெச்சுக்கலாமுங்க. மைலேஜ் கிடைக்கும்."

"அந்த இன்ஜினுக்காகத்தானுங்க இந்தக் காரே" என்றாள் கீதாஞ்சலி.

அவன் சிரித்தான். "இனிமே நீங்க இதுல கை வெக்க வேண்டியதில்லீங்க. அதுக்கெல்லாம் ஆள் இருக்குது."

இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டாள். அதுவரை என்ன செய்வதென்று குழம்பிக் கிடந்த மனசு சட்டென்று தெளிந்துவிட்டது. அப்பா கோபித்துக்கொள்ளட்டும், உறவுக்காரர்கள் நாலு விதமாகப் பேசட்டும், பேசிவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குள் எல்லாரும் அருள்குமாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பிரிண்ட் அவுட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சின்னச் சின்னக் குறை இருக்கிறது, அது பரவாயில்லை, தனக்குத் திருப்திதான் என்றான்.

நஞ்சப்பனின் முகம் மலர்ந்துபோனது. "அப்பறம் என்ன, சாவியக் குடுத்துரு கண்ணு" என்றார்.

கீதாஞ்சலி சாவியை முந்தானையில் முடிந்து, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் அவரு காரப் பாத்தாருங்கப்பா, நான் அவரப் பாத்தேன்" என்றாள். அப்பா புரியாமல் விழிக்க, குரலை ஒரு படி உயர்த்தி, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்த மாப்பிள்ள எனக்கு வேண்டாமுங்க."