மோசேக்கு அப்புறம் கிருபைராஜ்

ஜெமிமா ஜெபம் பண்ண முழங்கால் போட்டதும் கிருபைராஜ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

கண்ணைத்தான் மூடினான். காதைத் தீட்டி வைத்திருந்தான், இன்றைக்காவது தன் பெயர் முதலில் வருமா என்று.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் சண்டை போடுவதில்லை. சாயங்கால ஜெபத்தில், ஆண்டவரை நடுவில் வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். ‘ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதிருக்கும்படி சிலருக்குப் புத்தியைத் தாரும்’ என்பாள் ஜெமிமா. அந்தச் சிலர் வாயைத் திறக்க முடியாது. ஜெபத்தில் குறுக்கே பேசலாமா?

இன்னொன்றும் உண்டு. அவள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டாள். பத்து வருஷமாக ‘இங்க பாருங்க’, ‘கேட்டியளா’தான். ஜெபத்தில் மட்டும் பெயர் வரும். இன்னாருக்காக வேண்டுகிறேன் என்று ஆண்டவருக்கு ஆளைக் காட்ட வேண்டுமே! நாளுக்கு ஒரே ஒரு தடவை அவள் வாயால் ‘கிருபைராஜ்’. அதைக் கேட்கவே கங்கைகொண்டானில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, டீக்கடைப் பக்கம்கூடத் திரும்பாமல் வீட்டுக்கு வருகிற ஆள் அவன்.

அதிலும் மண் விழுந்தது.

போன மழையில் தாமிரபரணி தெருவுக்குள் வந்து போனபோது, புறவாசலில் ஒரு நீர்நாய்க் குட்டியை விட்டுவிட்டுப் போனது. கண் அப்போதுதான் திறந்திருந்தது. ஜெமிமா அதை அள்ளியெடுத்து, துணியில் பால் நனைத்து ஊட்டிப் பிழைக்க வைத்தாள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளை என்று மோசே என்று பெயரும் வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் மோசேதான். மோசே சாப்பிட்டானா? மோசே எங்கன? மோசே கண்ணு, இங்க வா! மீன் வாங்கினால் நல்ல துண்டு அதற்கு, முள்ளும் வாலும் இவனுக்கு. படுத்தால் இருவருக்கும் நடுவில் வந்து புகுந்துகொள்ளும். அவள் மடியில் மல்லாந்து கிடந்து, வளையலைக் கடித்துக்கொண்டே அது இவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! போடா போ என்பது மாதிரி இருக்கும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். ஜெபத்திலும் மோசே முதலில், அப்புறம்தான் கிருபைராஜ் என்று ஆனதும் வயிறு எரிந்துவிட்டது. மீசை வைத்த ஆம்பளைக்கு ஒரு நீர்நாய்மேல் பொறாமை. வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும்.

இன்று ஜெமிமா நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். கிருபைராஜ் வேலைக்கு மட்டம் போட்டான். மோசேயை ஒயர் கூடையில் போட்டு மூடி, பைக்கில் கொண்டுபோய், கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் விட்டான். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடுமே என்றுதான் அத்தனை தூரம். அப்புறம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஜெமிமா வந்ததும் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் “மோசே, மோசே” என்று தெருவெல்லாம் அலைந்தாள். இந்தக் கள்ளனும் கூடவே தேடினான். அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டான். சாக்கடையில் குனிந்து பார்த்தான், எதிர்வீட்டு மாடியில் ஏறினான், சர்ச் காம்பவுண்டைச் சுற்றி வந்தான். கிடைத்தால்தானே!

இப்போது ஜெபம்.

“அன்புள்ள பரலோகப் பிதாவே,” என்று ஆரம்பித்தாள் ஜெமிமா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. “உம்முடைய பிள்ளை கிருபைராஜுக்காக உமக்கு ஸ்தோத்திரம்.”

முதல் பெயர்! கிருபைராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இன்றைக்கு என்னைவிட அதிகமாய்த் தேடினார். அவருடைய பிரயாசத்தைப் பாரும்.”

அடடா, இதற்காக அல்லவா இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தான்!

“சாக்கடையில் தேடினார். மாடியில் தேடினார். ஆற்றிலே பிறந்த பிராணியை ஆற்றுப் பக்கம் மட்டும் போய்த் தேடவில்லை, ஆண்டவரே.”

கிருபைராஜ் மூடின கண்ணை இன்னும் இறுக்கினான்.

“அதை எங்கே கொண்டுபோய் விட்டார் என்று அவர் வாயாலேயே சொல்லப்பண்ணும்.”

அவ்வளவுதான். ஆமென் வரவில்லை. கிருபைராஜ் பையக் கண்ணைத் திறந்தான். ஜெமிமா கண்ணை மூடியிருக்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

“கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்குக் கீழ விட்டேன்ட்டி. விட்டுட்டு வண்டிய எடுக்கேன், அது கரையேறி எம் பின்னாலயே கத்திக்கிட்டு ஓடி வருதுட்டி. ரோடு வரைக்கும் வந்துச்சு. நான் நிறுத்தல.”

சொல்லி முடிக்குமுன் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தன்னைத் தேடி அப்படி யாரும் ஓடி வந்ததில்லை.

ஜெமிமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பைக் சாவியை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

“எழும்புலே கிருபைராஜ்,” என்றாள்.