முந்திக்கொண்ட அம்மா

படித்து முடித்த மகளுக்கு வேலை அமையவில்லையே என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. "தொழில் ஆலோசகரைப் பார்க்கலாம்" என்று மகளே கூப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பியது அம்மாதான்.

"யோசிக்காம பட்டுனு பதில் சொல்லணும். அப்பதான் பொருத்தமான வேலை தெரியும்" என்றார் ஆலோசகர். "தனியா வேலை செய்யப் பிடிக்குமா?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"தனியாவா? பைத்தியமே பிடிச்சிடும் சார்."

"கோபமா கத்துறவங்களச் சமாளிக்க முடியுமா?"

"இவ அப்பாவோட குடும்பம் நடத்தலையா?"

"ஒரே நேரத்துல நாலு வேலை?"

"எட்டுன்னு போடுங்க!"

ஆலோசகர் எல்லாவற்றையும் கணினியில் தட்டினார்.

"ஹோட்டல் வரவேற்பாளர். பிரமாதமாப் பொருந்துது."

அம்மாவின் முகம் வாடியது. "இவளா? காலிங் பெல் அடிச்சாலே உள்ள ஓடி ஒளியுறவ சார்!"

மகள் சிரித்தாள். "எனக்குப் போன வாரமே வேலை கிடைச்சாச்சும்மா. நானும் கிளம்பிட்டா பகல் முழுக்க நீ சுவரோடவா பேசுவ? இது உனக்கான டெஸ்ட். சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அம்மா இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு நாற்காலியை ஆலோசகர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சம்பளம் கிடக்கட்டும் சார். அங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"